கானுக்கு ஒரு காளவாய்

ஊர்களை இடிப்பதில் உலக சாதனை படைத்த ஒரு குடும்பத்துக்குத் தனக்கென ஓர் ஊர் கட்டிக்கொள்ளும் ஆசை வந்தது. வந்த ஆண்டு 1220 என்கிறது அந்த ஊரின் கல்வெட்டு ஒன்று. அதே 1220இல்தான் செங்கிஸ் கானின் படை புகாராவுக்குள் புகுந்தது, சமர்கண்டையும் முடித்துவைத்தது. ஒரு கையில் கடப்பாரை, இன்னொரு கையில் மனை வரைபடம். அந்தக் கல்வெட்டு வெட்டப்பட்டதோ 1346இல், தாத்தா போய்ச் சேர்ந்து நூறு வருஷத்துக்கும் மேலான பிறகு. ‘இதெல்லாம் அவர் அன்றைக்கே யோசித்து வைத்தது’ என்று பேரன்மார் எழுதிவைப்பது எல்லா நாட்டிலும் உள்ள வழக்கம் என்பதால், தேதியை மரியாதையோடு கேட்டுக்கொண்டு மேலே போகலாம்.

இடம், மங்கோலியாவின் ஓர்கோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு. ராசியான மனை. துருக்கியர் அங்கே இருந்துதான் ஆண்டார்கள். அடுத்து வந்த உய்குர்கள், ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தள்ளி ஓர்து பாலிக் என்று பெரிய தலைநகரம் கட்டினார்கள். 840இல் கிர்கிசியர் வந்து அதைக் கொளுத்திவிட்டுப் போனார்கள். அந்தச் சம்பவம் ராசிக் கணக்கில் சேரவில்லை. அரச ஜோசியம் எப்போதுமே சௌகரியமான வருஷங்களை மட்டும் எண்ணும்.

மனை தயார், மன்னரும் தயார். ஒகதை கான் 1235இல் மதில் எழுப்ப உத்தரவு போட்டார். காரகோரம் என்ற தலைநகரம் காகிதத்தில் பிறந்துவிட்டது. அதன் பிறகுதான் ஒரு சிறு சிக்கல் தெரியவந்தது. அரை உலகத்தை வென்ற அந்தச் சமூகத்தில் செங்கல் சுடத் தெரிந்த ஆள் கிடையாது.

அதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. மங்கோலியரின் வீடு கெர் எனப்படும் கம்பளிக் கூடாரம். மரச் சட்டத்தை மடக்கி, கம்பளியைச் சுருட்டி, வண்டியில் ஏற்றினால் வீடு கிளம்பிவிடும். புல் இருக்கும் இடம் எதுவோ அதுவே ஊர். அப்படிப்பட்ட வாழ்க்கையில் மண்பாண்டம் ஒரு தலைவலி. குதிரைமேல் கட்டிய பானை எத்தனை காத தூரம் தாங்கும்? அதனால் தோல் பையும் மரக் கிண்ணமும் இரும்புக் கொப்பரையும்தான் அவர்கள் நம்பிய சாமான்கள். உடைகிற பொருளை உடைமையாக வைத்துக்கொள்ளக் கூடாது என்பது புல்வெளியின் ஞானம். மற்றவர்களுடைய உடைகிற பொருள்களைப் பொறுத்தவரை அவர்களுக்கு வேறு கொள்கை இருந்தது.

கொத்தனாருக்கும் குயவருக்கும் எங்கே போவது? அதற்குத்தான் அவர்களிடம் அருமையான ஆள்சேர்ப்பு முறை ஒன்று இருந்தது. ஓர் ஊர் விழுந்ததும் மக்களை வெளியே கொண்டுவந்து நிறுத்துவார்கள். ‘யாருக்கு என்ன வேலை தெரியும்?’ என்பது ஒரே கேள்வி. நெசவு, கொல்லு, தச்சு என்று எதையாவது சொன்னவருக்கு உடனடி வேலை, தங்குமிடம், நீண்ட தூரப் பயணம், ஆயுள் முழுக்க ஒப்பந்தம். ராஜினாமா வசதி மட்டும் இல்லை. ஒன்றும் தெரியாது என்றவர்களின் கதியை இந்தக் கட்டுரையில் சொன்னால் சிரிப்பு நின்றுவிடும். சமர்கண்டில் மட்டும் 30,000 கைவினைஞர்களைப் பிரித்தெடுத்து செங்கிஸ் தன் பிள்ளைகளுக்கும் உறவினர்களுக்கும் பங்கு வைத்தார் என்று எழுதுகிறார் பாரசீக வரலாற்றாசிரியர் ஜுவைனி. மறுவருஷம் மெர்வ் நகரில் தப்பிப் பிழைக்க விடப்பட்ட கைவினைஞர்கள் 400 பேர். எண்ணி எடுத்த கணக்கு. வடக்குச் சீனத்தின் மீது நடந்த படையெடுப்புகளிலும் இதே கதை. அங்கிருந்து வந்தவர்களில்தான் நம் நாயகர்கள் இருந்திருக்க வேண்டும். செங்கல்லும் ஓடும் சுடத் தெரிந்த சூளைக்காரர்கள்.

அவர்களுடைய பெயர் ஒன்றுகூட நமக்குத் தெரியாது. செய்த வேலை நன்றாகவே தெரியும். ஏனென்றால் மங்கோலிய–ஜெர்மன் அகழ்வாராய்ச்சிக் குழு காரகோரத்தின் அரண்மனை வளாகம் என்று கருதப்பட்ட பகுதியைத் தோண்டியபோது, மண்ணுக்கடியில் அவர்களுடைய சூளைகளே அகப்பட்டன. கட்டடத்துக்கான செங்கல், கூரை ஓடு, கூரை அலங்காரம் எல்லாம் வெந்த இடங்கள். மாடலோ முழுக்க முழுக்கச் சீனா. உலகத்தின் மையம் தாம்தான் என்று அறிவித்துக்கொண்ட பேரரசின் தலைக்கு மேலிருந்த கூரை, அது அடித்துப் போட்ட நாட்டின் தொழில்நுட்பத்தில் வெந்தது.

அந்த வகைச் சூளையைக் கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது. கான்களின் வம்சாவளியைவிட அதன் அமைப்பு தெளிவானது. மேலிருந்து பார்த்தால் குதிரை லாட வடிவம். முன்னால் பள்ளத்தில் விறகு எரியும் அடுப்பு. நடுவில் சரக்கு அடுக்கும் அறை, அதற்கு மேலே வளைந்த கூரை. புகைப்போக்கி பின்சுவருக்குப் பின்னால் இருக்கும். அதற்குப் போகும் துளைகளை அறையின் அடிமட்டத்தில் வைத்திருப்பார்கள். அங்கேதான் சூட்சுமம். அடுப்பிலிருந்து கிளம்பும் சுவாலை முதலில் கூரைக்கு எழும். எழுந்த வேகத்தில் நேராக வெளியே ஓடிவிடலாம் என்று பார்த்தால் மேலே வழி கிடையாது. திரும்பிக் கீழே இறங்கி, அடுக்கிவைத்த சரக்குக்கு நடுவே நுழைந்து, தரையோரத் துளை வழியாகத்தான் தப்பிக்க முடியும். போகிற வழியில் தன் சூட்டையெல்லாம் செங்கல்லுக்குக் கொடுத்துவிட்டுப் போகும். கைதி கட்டிய சூளையில் நெருப்பும் கைதி.

வெந்து முடிந்ததும் அடுத்த வித்தை. சூளையைத் திறந்து காற்று விட்டால் செங்கல் சிவப்பாகும். சீனக் கூரைக்கு வேண்டியது சாம்பல் நிறம். அதனால் எல்லாத் துவாரத்தையும் அடைத்து, மேலிருந்து தண்ணீரைக் கசியவிடுவார்கள். உள்ளே காற்று இல்லை, நீராவி உண்டு. மண்ணில் இருக்கும் இரும்பு சிவக்க வழியில்லாமல் கருநீலச் சாம்பலாக மாறிவிடும். பளபளக்கும் பச்சை ஓடு வேண்டுமென்றால் ஈயம் கலந்த பூச்சில் செம்பைச் சேர்த்து இன்னொரு முறை சுட வேண்டும். மஞ்சளுக்கு இரும்பு. காரகோரத்தில் இந்தப் பச்சையும் மஞ்சளும் நிறையவே கிடைத்திருக்கின்றன.

இதில் வேடிக்கை, இந்த வேலை எதற்கும் அரசாணை செல்லாது என்பது. ‘நாளைக்குள் கூரை வேண்டும்’ என்று கான் கர்ஜித்தால் படைத்தளபதி நடுங்குவான். களிமண் நடுங்காது. மண்ணை ஊறவைக்க வேண்டும், மிதிக்க வேண்டும், அறுக்க வேண்டும், நிழலில் உலர்த்த வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தோடு சூளையில் வைத்தால் உள்ளேயே வெடிக்கும். மங்கோலியாவின் குளிரில் பச்சைச் செங்கலை வெளியே விட்டால் அதிலுள்ள ஈரம் உறைந்து விரிசல் விடும். ஆக வேலைக்கு வாய்ப்பது குறுகிய கோடைக்காலம்தான். சுட்ட பிறகும் சூளை ஆற நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். பசிபிக் கடலோரத்திலிருந்து ஐரோப்பாவின் வாசல் வரை யாருக்கும் காத்திருக்காத பேரரசு, ஓர் ஓடு ஆறுவதற்காகக் காத்திருந்தது.

கூரைக்குக் கீழே உட்காரப்போகும் ஒகதையைப் பற்றி இரண்டு வார்த்தை. தாராள மனசுக்காரர். ஜுவைனி சொல்லும் கதை இது. காரகோரத்தின் குளிரில் பயிர் எதுவும் வராது என்பது அனுபவ உண்மை. ஒருத்தர் பிடிவாதமாக முள்ளங்கி போட்டார். ஏதோ கொஞ்சம் விளைந்தது. அதைக் கானிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். கான் பரவசப்பட்டு, முள்ளங்கியையும் அதன் இலைகளையும் எண்ணச் சொன்னார். நூறு வந்தது. நூறு பாலிஷ் வெகுமதி! பாலிஷ் என்பது வெள்ளிக்கட்டிப் பணம். விவசாய மானியத்தின் சரித்திரத்தில் இலைக்கு ஒரு வெள்ளிக்கட்டி என்ற விகிதத்தை அதற்குப் பிறகு எந்த அரசும் எட்டவில்லை. மரக்கன்று நட்டவருக்கு மரத்துக்கு ஒரு பாலிஷ் என்று இன்னொரு கதையும் உண்டு. செங்கல் சுட்டவருக்கு ஒரு செங்கல்லுக்கு இவ்வளவு என்று கொடுத்ததாக மட்டும் கதை எதுவும் காணோம். எண்ணியிருந்தால் கஜானா காலியாகியிருக்கும் என்பது கணக்குப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கும்.

தாராளத்துக்கு அடுத்தபடியாக அவருக்குப் பிடித்தது மது. அண்ணன் சகதாய் கவலைப்பட்டு, ‘ஒரு நாளைக்கு இத்தனை கோப்பைக்கு மேல் கூடாது’ என்று கட்டுப்பாடு விதித்து, எண்ணுவதற்கென்றே ஓர் அதிகாரியையும் நியமித்தார். ஒகதை அண்ணன் பேச்சைத் தட்டாதவர். எண்ணிக்கையில் ஒன்றுகூட மீறவில்லை. கோப்பையை மட்டும் பெரிதாக்கிக்கொண்டார். அதிகாரியும் கடமை தவறாமல் எண்ணினார். அமைச்சர் யெலூ சூசாய், மது பட்டு அரித்துப்போன இரும்பைக் கொண்டுவந்து காட்டினார். ‘இரும்புக்கே இந்தக் கதி என்றால் குடல் என்னாகும்?’ கான் ஆழ்ந்து யோசித்தார், பாராட்டினார், பரிசும் கொடுத்தார். 1241 டிசம்பரில், ஒரு நீண்ட இரவுக் குடிக்குப் பிறகு, காலமானார்.

இந்த அரண்மனையும் ஊரும் எதைத் தின்று பிழைத்தன? முள்ளங்கியை நம்பியா? தினந்தோறும் 500 வண்டிகளில் உணவும் பானமும் வந்து இறங்கின என்கிறது பாரசீக வரலாறு. அத்தனையும் இறக்குமதி. அதைவிட விசேஷம், ஊருக்குச் சொந்தக்காரர் ஊரில் இருப்பதில்லை. கான் பரிவாரத்தோடு புல்வெளியில் சுற்றிக்கொண்டிருப்பார். வசந்தத்தில் ஒரு முறை, கோடையில் ஒரு முறை காரகோரத்துப் பக்கம் வந்து, அரண்மனையில் விருந்து வைத்து, குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். முகூர்த்த நாளில் மட்டும் விளக்கெரியும் கல்யாண மண்டபம் மாதிரி ஒரு தலைநகரம். மற்ற நாட்களில் அங்கே இருந்தவர்கள் வேலை செய்கிறவர்கள்.

விருந்தைப் பற்றிய தகவலுக்கு நாம் கடன்பட்டிருப்பது வில்லியம் ரூப்ரக் என்ற ஃபிளாண்டர்ஸ் நாட்டுப் பாதிரியாருக்கு. பிரான்சிஸ்கன் சபைத் துறவி. 1254இல் காரகோரத்துக்குள் நுழைந்தார். அப்போது ஆட்சியில் இருந்தவர் ஒகதையின் தம்பி மகன் மோங்கே கான். உலகத்தை நடுங்கவைத்த தலைநகரைச் சுற்றிப் பார்த்த பாதிரியாரின் தீர்ப்பு: அரண்மனையைக் கழித்துவிட்டால், பாரிசை ஒட்டியிருக்கும் சென் தெனி கிராமம்கூட இதைவிடத் தேவலை. அதோடு விட்டாரா? அந்த ஊர் மடாலயம் கானின் அரண்மனையைப் போல் பத்து மடங்கு பெறும் என்றும் சேர்த்துக்கொண்டார். நல்லவேளை, அறிக்கையைப் பிரான்ஸ் மன்னருக்குத்தான் அனுப்பினார்.

ஆனாலும் மனிதர் கண் திறந்து பார்த்தவர். ஊரில் இரண்டு பகுதிகள். சந்தை கூடும் முஸ்லிம்கள் பகுதி ஒன்று. இன்னொன்று சீனர் பகுதி, அங்கே இருப்பவர்கள் எல்லோரும் கைவினைஞர்கள். பல தேசத்தாருக்கான கோயில்கள் பன்னிரண்டு, பள்ளிவாசல் இரண்டு, தேவாலயம் ஒன்று. மண் மதிலுக்கு நான்கு வாசல், வாசல்தோறும் விற்பனை. கிழக்கே தானியம், மேற்கே ஆடு, தெற்கே மாடும் வண்டியும், வடக்கே குதிரை. கிழக்கு வாசலுக்கு எப்போதாவதுதான் தானியம் வரும் என்றும் குறித்துவைத்தார். ஐந்நூறு வண்டி என்ற அரசுத் தரப்புப் புள்ளிவிவரத்தையும் பாதிரியாரின் சந்தை அனுபவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பது தனிச் சுகம்.

பாதிரியார் அதிகம் எழுதியது ஒரு மரத்தைப் பற்றி. அரண்மனைக்குள் தோல் பையும் குடமுமாகப் பாலும் மதுவும் தூக்கிக்கொண்டு போவது அசிங்கமாக இருந்ததாம். அதற்காக வெள்ளியில் ஒரு பெரிய மரம் செய்து வாசலில் நிறுத்தினார்கள். செய்தவர் கில்லோம் பூஷே, பாரிசுத் தட்டார். ஹங்கேரிப் படையெடுப்பின்போது பெல்கிரேடில் பிடிபட்டவர். இதற்காக அவரிடம் கொடுக்கப்பட்ட வெள்ளி 3,000 மார்க். மரத்தடியில் நான்கு வெள்ளிச் சிங்கங்கள், நான்கின் வாயிலும் குதிரைப் பால். மேலே நான்கு குழாய்கள். ஒன்றில் திராட்சை மது, ஒன்றில் குமிஸ் எனப்படும் புளித்த குதிரைப் பாலின் தெளிவு, ஒன்றில் தேன் பானம், ஒன்றில் அரிசி மது. உச்சியில் எக்காளம் ஏந்திய தேவதை. சரக்கு தீர்ந்ததும் தேவதை எக்காளம் ஊத வேண்டும், வெளியே நிற்கும் ஊழியர்கள் ஊற்ற வேண்டும். துருத்தி வைத்து ஊதவைக்கத்தான் திட்டம். காற்று போதவில்லை. ஆகவே மரத்துக்கடியில் ஒரு பொந்து அமைத்து, அதற்குள் ஓர் ஆளை உட்காரவைத்தார்கள். உத்தரவு வந்ததும் அவன் குழாயில் வாய் வைத்து மூச்சைப் பிடித்து ஊதுவான். மேலே தேவதை ஊதுவதாகச் சபை புல்லரிக்கும். மோங்கே பேரரசின் தானியங்கி இயந்திரம் அப்படித்தான் இயங்கியது.

ரூப்ரக் அங்கே தனியாகத் தவிக்கவில்லை. லொரேன் பகுதியின் மெட்ஸ் நகரத்துப் பெண் பாக்கெட், ஹங்கேரியில் பிடிபட்டவர், தன்னால் முடிந்த அளவுக்கு விருந்து வைத்தார். அவருடைய கணவர் ஒரு ருத்தேனியர், வீடு கட்டத் தெரிந்தவர். அந்தத் தொழில் இங்கே நன்றாக ஓடும் என்று அந்தம்மாள் சொன்னதையும் பாதிரியார் எழுதியிருக்கிறார். அதே ஆண்டில் மதங்களுக்கிடையே ஒரு பட்டிமன்றமும் நடந்தது. கிறிஸ்தவர், முஸ்லிம், பௌத்தர் மூன்று அணி. எந்த அணியும் மனம் மாறவில்லை. முடிவில் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் உரக்கப் பாடினார்கள், பௌத்தர்கள் வாய் திறக்கவில்லை. பிறகு எல்லோரும் சேர்ந்து மூச்சுமுட்டக் குடித்தார்கள். இன்றைய தொலைக்காட்சி விவாதங்களில் இந்தக் கடைசி அம்சம் மட்டும் விடுபட்டுப்போனது.

இவ்வளவு எழுதியவர் சூளையைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. புகை தெரிந்திருக்கும், மூக்கில் ஏறியும் இருக்கும். ஆனால் சூளைக்காரருக்குப் பிரெஞ்சு தெரியாது, பாதிரியாருக்குச் சீனம் தெரியாது. பூஷேயின் பெயர் இன்றும் நமக்குத் தெரிவதற்குக் காரணம் அவருடைய வெள்ளி மரம் மட்டுமல்ல. ஊரிலிருந்து வந்த ஒருத்தரிடம் தாய்மொழியில் நாலு வார்த்தை பேசக் கிடைத்த வாய்ப்பும்தான்.

ரூப்ரக் கிளம்பிப் போன இரண்டே வருஷத்தில், 1256இல், ஊரின் மாபெரும் பௌத்தக் கோயில் கட்டி முடிந்தது. ஐந்து அடுக்கு, 300 சீன அடி உயரம் என்று பெருமை பேசுகிறது அந்த 1346ஆம் ஆண்டுக் கல்வெட்டு. சூளைகளுக்கு இதைவிடப் பெரிய வாடிக்கையாளர் கிடைத்திருக்க முடியாது. ஆனால் ஊரின் ஜாதகத்தில் சரிவு நெருங்கிவிட்டது. மோங்கே 1259இல் இறந்தார். தம்பிகள் குப்ளாயும் அரிக் போக்கும் நாற்காலிக்கு மல்லுக்கட்டினார்கள். காரகோரம் அரிக் போக்கின் கையில். குப்ளாய் அந்த ஊரோடு பெரிதாகச் சண்டை போடவே இல்லை. சீனத்திலிருந்து வரும் தானிய வண்டியை நிறுத்தினார். ஊர் பசியில் சுருண்டது. 1264இல் அரிக் போக் சரணடைந்தார். குப்ளாய் தலைநகரைச் சீனப் பக்கம் கொண்டுபோனார். இன்றைய பெய்ஜிங் அப்படித்தான் எழுந்தது. காரகோரம் மாகாணத் தலைநகராகச் சுருங்கி, அவ்வப்போது கோயில் மராமத்து பார்த்துக்கொண்டு காலம் ஓட்டியது. 1368இல் மங்கோலியர் சீனத்தை இழந்து வடக்கே திரும்பினார்கள். துரத்திக்கொண்டு வந்த மிங் படைகள் அந்த நூற்றாண்டு முடிவதற்குள் காரகோரத்தையும் அழித்தன.

எரிந்த ஊரில் மிஞ்சியது என்ன? செங்கல்தான். அதற்கும் ஆள் வந்தார். 1586இல் அப்தாய் கான் அங்கே எர்தேனே ஸூ என்ற பௌத்த மடத்தைக் கட்டினார். பக்கத்தில் சுட்டுவைத்த செங்கல்லும் செதுக்கிவைத்த கல்லும் இலவசமாகக் கிடக்க, புதுச் சூளை எதற்கு? அப்படியே பெயர்த்து எடுத்துக் கட்டினார்கள். ஊரின் பெருமையைப் பேசும் அந்தக் கல்வெட்டின் துண்டுகளே மடத்துக் கட்டுமானத்துக்குள் போய் ஒளிந்துகொண்டன. வரலாற்று ஆவணத்தைச் சுவருக்குள் வைத்துப் பூசிய அந்தக் கொத்தனாரை ஆய்வாளர்கள் மனசுக்குள் திட்டிக்கொண்டே நன்றியும் சொல்வார்கள். வெளியே கிடந்திருந்தால் யாராவது அதில் மாவு அரைத்திருப்பார்கள்.

அடுத்து ஆய்வாளர்களின் காலம். அவர்களை மட்டும் கிண்டல் செய்யாமல் விட்டால் கான்கள் கோபித்துக்கொள்வார்கள். 1889இல் ருஷ்யரான நிக்கொலாய் யத்ரின்த்செவ் ஓர்கோன் பள்ளத்தாக்கில் இடிபாடுகளைக் கண்டார். 1891இல் ராத்லொவ் என்ற ஆய்வாளர் ஒரு பெரிய குழுவோடு வந்தார். 1948, 1949இல் செர்கெய் கிஸெல்யோவ் தலைமையில் சோவியத்–மங்கோலியக் குழு முறையாகத் தோண்டியது. மேடான ஓர் இடத்தில் பெரிய மண்டபம், வரிசை வரிசையாகத் தூண் பீடங்கள், பச்சைப் பூச்சு ஓடு பாவிய தரை. வேறென்னவாக இருக்கும்? ஒகதையின் அரண்மனை! அறிவித்தாயிற்று, புத்தகமும் வந்தாயிற்று.

இடையில் ஒரு சின்ன இடைஞ்சல். அரண்மனையில் பௌத்தச் சுவரோவியத் துண்டுகள் கிடைத்தன. கிஸெல்யோவ் அசரவில்லை. அரண்மனைக்கு முன்னால் அதே இடத்தில் ஒரு பௌத்தக் கோயில் இருந்திருக்கிறது, அதன் மேல்தான் கான் கட்டினார் என்று விளக்கம் தந்தார். கோயில் சாமான்கள் வர வர, இல்லாத பழைய கோயில் ஒன்று பலமடைந்துகொண்டே போனது. தேடிப் போனது சிம்மாசனம் என்றால், கிடைத்த பீடமெல்லாம் சிம்மாசனமாகத்தான் தெரியும். ஐம்பது ஆண்டுகள் உலகத்துப் பாடநூல்கள் அந்தக் கட்டடத்தைப் பேரரசரின் இல்லமாகவே கொண்டாடின.

2000ஆம் ஆண்டை ஒட்டி மங்கோலிய–ஜெர்மன் கூட்டுக் குழு வந்தது. மண்டபப் பகுதியில் ஜெர்மன் தொல்லியல் நிறுவனத்தின் ஹான்ஸ்-கியோர்க் ஹூட்டெல் குழு, நகர மையத்தில் பான் பல்கலைக்கழகக் குழு. மண்டபத்தை மறுபடி தோண்டினால், 64 தூண்கள் கொண்ட சதுரக் கட்டடம், ஆளுயரத்துக்கு மேற்பட்ட புத்தர் சிலைகளின் துண்டுகள், பக்தர்கள் நேர்ந்துவைக்கும் குட்டிக் களிமண் தூபிகள் குவியல் குவியலாக. சிம்மாசனத்தைச் சுற்றி யாரும் தூபி நேர்ந்துவைப்பதில்லை. அது அரண்மனையே இல்லை, 1256இல் முடிந்த அந்தப் பெரிய கோயில்தான் என்ற முடிவுக்கு வந்தார்கள். அப்படியென்றால் ஒகதையின் அரண்மனை எங்கே? எர்தேனே ஸூ மடத்துக்கடியில் என்று கருதுகிறார்கள். மடத்து மதிலுக்குக் கீழே பழைய மதில் ஒன்று தெரிந்திருக்கிறது. சுற்றிலும் தோண்டிக்கொண்டிருந்த காலமெல்லாம் அரண்மனை, பூஜை நடக்கும் மடத்தடியில் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது போலும்.

நகர மையத்தில், பெரிய சாலையோரத்தில் இருந்த சீனக் கைவினைஞர் பகுதியில், அரசகுலம் இல்லாமலே சுவாரசியம் அதிகம். உலோக வேலை, கண்ணாடி மணி, எலும்பு வேலை என்று பட்டறை மேல் பட்டறை. தரைக்கடியில் சூட்டுப்புகை ஓடவிட்டு அறையைக் கதகதப்பாக்கும் அமைப்பு. வண்டிச் சக்கரக் குடத்தில் பொருத்தும் வார்ப்பிரும்புப் பூண்கள், அந்த 500 வண்டிகளுக்கு யார் வைத்தியம் பார்த்தார்கள் என்பதற்குச் சாட்சி. சீனத்திலிருந்து வந்த லோங்சுவான் பச்சைப் பீங்கான், ஜிங்தேசென் வெள்ளைப் பீங்கான் சில்லுகள். காரகோரத்திலேயே அடித்த நாணயம், ஹிஜ்ரி 635ஆம் ஆண்டு, அதாவது 1237–38. சீனத்தை இழந்து ஓடிவந்த பிறகும் ‘நிதித்துறை’ என்று பொறித்து வைத்துக்கொண்ட 1372ஆம் ஆண்டு முத்திரை ஒன்று. நிதி போய்விட்டது, துறை மட்டும் முத்திரையோடு இருந்தது.

அண்மையில் தோண்டாமலே பார்க்கும் வித்தையும் வந்துவிட்டது. காந்தப்புலத்தை நுட்பமாக அளக்கும் கருவியை வண்டியில் பூட்டி இழுத்து, 52 நாட்களில் 465 ஹெக்டேர் நிலத்தை அளந்தார்கள். முடிவுகள் 2021இல் வெளியாயின. மதிலுக்கு வெளியேயும் சாலையோரமாக ஊர் நீண்டுகொண்டே போயிருக்கிறது, மதிலுக்கு உள்ளேயோ கட்டடமே இல்லாத வெற்றிடம் கணிசமாக இருந்திருக்கிறது. கூடாரம் போட இடம் விட்டிருப்பார்களோ என்னவோ. கல்யாணமே ஆனாலும் மங்கோலியர் மண்டபத்தில் தூங்குவார்களா?

இந்தக் காந்தக் கருவிக்குப் பிடித்தமான பொருள்களில் சூளையும் ஒன்று. சுட்ட மண் ஆறும்போது அதிலுள்ள இரும்புத் துகள்கள் அன்றைய வடக்கு திசையைப் பார்த்து உறைந்துவிடும். நெருப்பு அணைந்து எழுநூறு வருஷம் ஆனாலும் சூளை தன் இடத்தைக் கருவிக்குக் காட்டிக்கொடுக்கும். வெள்ளி மரத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை. வெள்ளியை யாரும் மண்ணுக்குள் விட்டுவைப்பதில்லை, உருக்கிவிடுவார்கள். இன்று அந்த மரம் இருப்பது மங்கோலியாவின் 5,000 தோக்ரோக் நோட்டின் பின்பக்கத்தில். பார்க்காதவர்கள் கற்பனையில் வரைந்த படம். கடையில் கொடுத்தால் மீதிச் சில்லறை வரும்.

இதிலிருந்து வருங்காலச் சக்கரவர்த்திகளுக்கு ஒரு யோசனை. புகழ் நிலைக்க வேண்டும் என்று அரண்மனை கட்டாதீர்கள். அடுத்தவன் இடிப்பான், அதற்கடுத்தவன் செங்கல்லைத் தூக்கிக்கொண்டு போய் மடம் கட்டுவான், ஆராய்ச்சியாளன் வந்து கோயிலை உங்கள் வீடு என்பான், பேரன்மார் உங்கள் பெயரில் தேதி போட்டுக்கொள்வார்கள். தங்கம் வெள்ளியில் எதையும் செய்யாதீர்கள், உருகிவிடும். சூளை போடுங்கள். அதிலும் சூடு கூடிப்போய்க் கோணிய ஓடும், ஒன்றோடொன்று ஒட்டிப்போன செங்கல்லும்தான் விசேஷம். நல்ல சரக்கு ஊருக்குள் போகும், கூரையேறும், கொள்ளைபோகும். கோணல் சரக்கை யார் எடுப்பார்கள்? வெந்த இடத்திலேயே கிடக்கும். ஆய்வாளர் தூசு தட்டி எடுத்து, ‘ஆகா, இது இங்கேயே செய்தது’ என்று சத்தியம் செய்யும் ஒரே சாட்சி அதுதான். பெயர் தெரியாத ஒரு சூளைக்காரர் முதலாளியிடம் திட்டு வாங்கிக்கொண்டு ஓரமாக எறிந்த ஓடு, செங்கிஸ் குடும்பத்தின் அத்தனை பட்டங்களையும்விட நம்பகமான வரலாறு. அதற்காக ஒரு பாலிஷ்கூட அவருக்குக் கிடைத்திருக்காது. முள்ளங்கி போட்டிருக்கலாம்.